கை நனைக்க மாட்டேன் என்ற சார்

மகளிர் குழு வேலைக்குப் புதுசா மலையேறி வந்திருக்கிற பிள்ளைங்களே, உங்களுக்குக் குடுத்த பயிற்சிப் புத்தகத்தை நானும் வாங்கிப் புரட்டினேன். நான் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். பாதிப் புத்தகம் தாண்டுறதுக்குள்ள எங்க தோட்டத்துப் பலா பழுத்துப்போச்சு. நல்ல புத்தகம்தான், குறை சொல்ல மாட்டேன். குழு எப்படி ஆரம்பிக்கணும், தீர்மானம் எப்படிப் போடணும், எந்தத் திட்டத்துக்கு எந்த ஆபீஸ் படி ஏறணும், எல்லாம் இருக்குது. ஒண்ணு மட்டும் இல்லை. இந்தப் பக்கம் நிக்கிறவங்க பேச்சிலயும் நியாயம் இருக்குது, அந்தப் பக்கம் நிக்கிறவங்க பேச்சிலயும் நியாயம் இருக்குது, நடுவுல நிக்கிற நீங்க மட்டும் திருதிருன்னு முழிக்கிறீங்க. அந்த நேரத்துல என்ன செய்யணும்னு எந்தப் பக்கத்துலயும் எழுதலை. அதைத்தான் நான் எழுதலாம்னு உக்காந்திருக்கேன். அவசரக்காரங்க கடைசியை மட்டும் பார்த்துட்டுப் போகலாம். ஆனா கோழிக் குழம்பு நடுவுலயே வந்துரும், பார்த்துக்கோங்க.

நான் பார்த்த வேலைக்கு ஆபீஸ்ல ஒரு நீளமான பேர் உண்டு. ஊர்ல எனக்கு 'குழு அக்கா'ன்னுதான் பேர். பொம்பளைங்க சொந்தமாத் தொழில் பண்றதுக்கு சர்க்கார் என்ன உதவி குடுக்குதுன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லணும். அவங்களுக்கு என்ன வேணும்னு ஆபீஸ்ல வந்து சொல்லணும். மேல சொல்றது கீழ புரியாது, கீழ சொல்றது மேல புரியாது. ரெண்டுக்கும் நடுவுல நடந்து நடந்தே என் செருப்பு தேஞ்சுது. எங்க மலையில சில ஊர் சேர்ந்தா அது ஒரு நாடு. திருப்புலி நாட்டுலயும் எடப்புளி நாட்டுலயும் நான் போய்த் தண்ணி குடிக்காத குழு கிடையாது. பெருமைக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க. ஆமா, பெருமைக்குத்தான் சொல்றேன்.

எனக்கு வேலை கத்துக்குடுத்தது அப்போ எங்களுக்கு மேல இருந்த ஒரு மேடம். தெக்கே கடற்கரைப் பக்கம் சொந்த ஊர். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. அலை மேல படகுல போனாக்கூட அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதாம். எங்க மலை ரோட்டு வளைவு மட்டும் ஒத்துக்காது. ஒவ்வொரு தடவையும் மூக்குல எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கிட்டே ஏறி வருவாங்க. வந்து இறங்கி, செத்த நேரம் கண்ணை மூடி உக்காந்துட்டு, அதுக்கப்புறம்தான் "சொல்லு"ன்னு ஆரம்பிப்பாங்க.

நான் சேர்ந்த புதுசுல ஒரு ஊர்ல தையல் பயிற்சி போட்டோம். மெஷின் வந்துருச்சு, வாத்தியாரம்மா வந்துருச்சு, கத்துக்க ஒரு ஆளும் வரலை. எனக்குக் கோவம்னா அப்படி ஒரு கோவம். "நல்லது செய்ய வந்தா இதுங்களுக்கு அருமை தெரியலைங்க மேடம்"னு பொரிஞ்சு தள்ளிட்டேன். அவங்க என்னைக் கூட்டிக்கிட்டு ஊருக்குள்ள நடந்தாங்க. ஊரே மிளகுக் கொடியில இருந்துச்சு. மரத்து மேல சாத்தின மூங்கில் ஏணி ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள். கீழ நின்னு மிளகைச் சாக்குல சேர்த்துக்கிட்டிருந்தது பூரா எங்க பயிற்சிக்கு வரவேண்டிய பொம்பளைங்க.

மேடம் அண்ணாந்து பார்த்தாங்க. "ஊருக்குள்ள போனதும் முதல்ல உன் வாயை மூடு. அவங்க வாயையும் பார்க்காதே. கை என்ன செய்யுதுன்னு பாரு. கை பொய் சொல்லாது"ன்னாங்க. பயிற்சியை மிளகு அறுப்பு முடிஞ்சப்புறம் வெச்சாங்க. கொட்டகையில உக்கார இடம் பத்தலை.

இந்த ஒரு பேச்சுதான் அதுக்கப்புறம் ஒருநாள் என்னைக் காப்பாத்துச்சு. அந்த நாளைச் சொல்றேன்.

எடப்புளி நாட்டுல, பஸ் போற ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு சின்ன ஊர். அங்க பாப்பாயின்னு ஒரு குழுத் தலைவி. ஆள் கட்டை, குரல் நெட்டை. அவ குழு சாமை அரிசி குத்தி வித்துக்கிட்டிருந்துச்சு. சாமை இருக்குதே, அது நெல்லு மாதிரி சொன்ன பேச்சு கேக்காது. தோல் ஒட்டிக்கிட்டு விடாது. உரல்ல போட்டு உலக்கையால குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும், மறுபடி புடைக்கணும். பாப்பாயி மருமக சத்யா அப்போ வயித்துப்புள்ளக்காரி. அவளும் மாமியாளோட சேர்ந்து உலக்கை போட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

சர்க்கார்ல ஒரு திட்டம் வந்துச்சு. உமி நீக்குற மெஷினை மகளிர் குழுவுக்குக் குடுக்கிறாங்க, கொட்டகையை மட்டும் குழு கட்டிக்கணும். பாப்பாயி குழு மண்ணு சுமந்து, ஓடு சுமந்து, அவங்க கையாலயே கொட்டகையைக் கட்டி முடிச்சுட்டாங்க. இதே மெஷினைக் கேட்டு அடிவாரத்துல இன்னொரு ஊர்க் குழுவும் நின்னுச்சு. அந்தச் சுத்துல இருந்தது ஒரு மெஷின். ரெண்டு ஊரையும் நேர்ல பார்த்து எழுதறதுக்கு ஒரு ஆபீசர் வரணும். பொம்பளைங்க கொட்டகைக்கு முன்னால நிக்கிற மாதிரி அந்த இடத்துலயே போன்ல போட்டோ எடுத்து ஏத்தணும். அதுக்கு அவர் பாப்பாயி ஊருக்கு வர்ற நாள்தான் கடைசி. போட்டோ ஏறலைன்னா மெஷின் அடிவாரத்துக்குப் போயிரும்.

முந்தின நாள் பாப்பாயி என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, நான் குத்தினது குத்திட்டேன். இந்தப் புள்ளையும் பெத்து எந்திரிச்சு மறுபடி இதே உலக்கையைத் தூக்கறதை நான் பார்க்கக் கூடாதுக்கா. எப்படியாவது அந்த மெஷினைக் கொண்டாந்துரு"ன்னா.

"நான் எங்கடி கொண்டாறது? வர்ற சார் மனசு வெக்கணும்."

"அவருக்கு நான் வெக்கறேன் பாரு ஒரு கோழிக் குழம்பு"ன்னா. அப்பவே நான் காதைத் தீட்டியிருக்கலாம்.

மறுநாள் ஜீப் வந்துச்சு. மேடம் பின்னால எலுமிச்சம்பழமும் கையுமாச் சாஞ்சிருந்தாங்க. "எனக்குத் தலை நிக்கலை. நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு"ன்னு கையை மட்டும் ஆட்டினாங்க. முன்னால இருந்து ஆபீசர் இறங்கினார். ஒல்லியான ஆளு, நடு வயசு, மடிப்புக் கலையாத சட்டை. தோள்ல ஒரு பை, அதுல சொந்தத் தண்ணி பாட்டில். முகத்தைப் பார்த்தா வளைவு அவரையும் ஒரு வழி பண்ணியிருந்துச்சு. ஆனாலும் சிரிச்ச முகமா எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

கொட்டகைக்குப் பக்கத்துலயே பாப்பாயி வீடு. வாசல்ல பாய் விரிச்சு, வாழை இலை போட்டு, சாமைச் சோறு, நாட்டுக் கோழிக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல், வேகவெச்ச குச்சிக்கிழங்குன்னு வரிசையா வெச்சிருந்தாங்க. வாசனை ஜீப் வரைக்கும் போச்சு. அந்த வாசனையில மேடம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

"வாங்க சார், முதல்ல கை நனைங்க. வேலை எங்க ஓடிப்போவுது?"ன்னா பாப்பாயி.

அவர் கையைக் கூப்பினார். "மன்னிக்கணும்மா. நான் பார்வையிடப் போற இடத்துல பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லை. தப்பா எடுத்துக்காதீங்க."

பாப்பாயிக்குச் சிரிப்பு பாதியில நின்னுது. "ஏனுங்க சார், மலைக்காரி ஊட்டுச் சோறு கீழ்நாட்டு வாய்க்கு எறங்காதுங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைம்மா. இது என்னோட கொள்கை."

பக்கத்துல நின்ன செல்லக்கா, அந்தக் குழுவுலயே வாய் நீளமானவ, "கொள்கைக்கு ஒரு இலை போடலாங்களா, அதாவது உக்காந்து திங்குமா?"ன்னா. சில பேர் சிரிச்சாங்க. பாப்பாயி சிரிக்கலை. நேராப் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினா, பூட்டினா, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா.

"மெஷினு எங்களுக்கு இல்லைன்னு சொல்றதுக்கு இத்தனை தொலைவு வந்திருக்க வேண்டியதில்லைங்க சார். போய்ட்டு வாங்க."

சார் மலைச்சுப்போய் என்னைப் பார்த்தார். "நான் எப்பம்மா இல்லைன்னு சொன்னேன்?"

அவர் சொல்லலை. ஆனா எங்க ஊர்க் காதுல அப்படித்தான் விழுந்துச்சு. எங்க பக்கம் பொண்ணு பார்க்க வர்றவங்க, சம்மதம்னா உக்காந்து கை நனைப்பாங்க. கை நனைக்காம எந்திரிச்சாங்கன்னா பொண்ணு வேண்டாம்னு அர்த்தம். வாயைத் திறந்து யாரும் சொல்லமாட்டாங்க, சொல்லவும் வேண்டாம். மாடு வாங்குற பேச்சும் அப்படித்தான், பங்காளிச் சண்டை தீர்க்கிற பேச்சும் அப்படித்தான். அந்தப் பொம்பளைங்க பார்த்தது ஒரு ஆபீசரை இல்லை. கோழி அடிச்ச ஊட்டுல இலையைத் தாண்டிப் போற மாப்பிள்ளை ஊட்டுக்காரரைப் பார்த்தாங்க.

நான் சாரை ஜீப் பக்கம் தள்ளிக் கூட்டிட்டுப் போனேன். "சார், ஒரு வாய் சாப்பிட்டுட்டா எல்லாம் தீர்ந்துருங்க"ன்னேன்.

அவர் தலையாட்டினார். "உங்களுக்குச் சொல்றேன்மா. முன்னால ஒரு ஊர்ல நானும் சாப்பிட்டிருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அன்னைக்கு அடிச்சது முட்டையிட்டுக்கிட்டிருந்த கோழி. அந்தம்மாவுக்கு அது ஒண்ணுதான் இருந்திருக்கு. அதோட விட்டுட்டேன். இன்னொண்ணும் இருக்கு. நேத்து அடிவாரத்து ஊர்லயும் இலை போட்டாங்க. வேண்டாம்னு கும்பிட்டுட்டு வந்தேன். அங்க வேண்டாம்னுட்டு இங்க உக்காந்து சாப்பிட்டா, அப்புறம் நான் எதை எழுதினாலும் அந்தப் பொம்பளைங்க என்ன நினைப்பாங்க?"

அவர் சொல்றதுல ஒரு பொட்டு குத்தம் கண்டுபிடிக்க முடியலை. இப்படி ஒரு ஆபீசர் வரணும்னுதானே நாங்களெல்லாம் வேண்டிக்கிட்டிருந்தோம்! வந்தார். வந்த இடத்துல கதவு பூட்டியாச்சு.

செல்லக்கா மெதுவா என் பக்கத்துல வந்து நின்னா. "அக்கா, சாருக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிரலாமா? மூஞ்சியும் அப்படித்தான் இருக்குது."

பிள்ளைங்களே, இந்த மாதிரி நேரத்துல இப்படி ஒரு சுலபமான பொய் பக்கத்துல வந்து நிக்கும். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. வயிறு சரியில்லைன்னு சொன்னா எங்க பொம்பளைங்க சும்மா விட்டுருவாங்களா? சுக்கு தட்டி, மிளகு தட்டி, கஷாயம் வெச்சு, குடிக்க வெச்சு, குணப்படுத்தி, அதுக்கப்புறம் அதே இலையில கொண்டாந்து உக்கார வெப்பாங்க. அதுவும் போக, பொய் சொல்லி ஒரு கதவைத் திறந்தா, அடுத்த தடவை அந்த ஊருக்குப் போறப்ப நான் தலை குனிஞ்சுல்ல போகணும்?

பாப்பாயிக்கிட்டப் போய், "சார் நல்ல மனுசன்டி, கொஞ்சம் விட்டுக்குடு"ன்னு கெஞ்சலாம். அவ எனக்காகச் சாவியைக் குடுத்துருவா. ஆனா, எங்க சோத்தைத் தாண்டிப் போனவன் குடுத்த மெஷினுன்னு அது அந்தக் கொட்டகையில காலத்துக்கும் நிக்கும். சார்கிட்ட, "ஒரே ஒரு வாய்"னு மறுபடி கெஞ்சலாம். அவரும் இரக்கப்பட்டுச் சாப்பிட்டுருவார். அப்புறம் அடிவாரத்துப் பொம்பளைங்க முகத்தை அவரால பார்க்க முடியாது. யாரோ ஒருத்தரை வளைச்சுத்தான் இது தீரும்னா, நான் எதுக்கு நடுவுல?

டிரைவர் ஹாரன் அடிச்சார். "அம்மா, மஞ்சு இறங்குது. மூடிட்டா வளைவுல ஒண்ணும் தெரியாது"ன்னார். அந்தப் பக்கத்துச் சரிவெல்லாம் அதுக்குள்ள வெள்ளையாப் போச்சு. சார் போனைப் பார்க்கிறார், பூட்டைப் பார்க்கிறார்.

அப்போதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. தொம். தொம். தொம்.

பாப்பாயி கோவத்துல உலக்கையை எடுத்துட்டா. கோவம் வந்தா சில பேர் பாத்திரத்தை உருட்டுவாங்க, பாப்பாயி சாமை குத்துவா. சத்யா எதிர்ப்பக்கம் இன்னொரு உலக்கையைத் தூக்கிட்டு வந்தா. "நீ போடி அந்தப் பக்கம். சும்மா உக்காரு"ன்னு பாப்பாயி விரட்டினா. அந்தப் புள்ளை போகலை. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குத்தறாங்க.

மேடம் சொன்னது ஞாபகம் வந்துச்சு. வாயை விட்டுட்டுக் கையைப் பாரு. பார்த்தேன். நாலு கை, ரெண்டு உலக்கை, ஒரு உரல். இது வேலை. எங்க மலையில வேலைக்கு ஒரு முறை உண்டே! களை எடுக்கவோ, கதிர் அறுக்கவோ, யாரு வந்து கை குடுத்தாலும் அன்னைக்குச் சோறு அந்தக் காட்டுக்காரரோடது. அதை யாரும் விருந்துன்னு சொல்றதில்லை. தின்னவன் நன்றியும் சொல்றதில்லை, போட்டவன் பெருமையும் பேசறதில்லை. வேலைக்கும் சோத்துக்கும் சரியாப் போச்சு.

நான் சார்கிட்டத் திரும்பினேன். "சார், பார்வையிட வந்த இடத்துல நீங்க வாங்கித் திங்க மாட்டீங்க. சரி. வேலை செஞ்சு கூலியாத் திங்கலாமுங்களா?"

அவருக்குச் சட்டுனு புரியலை. நான் உரலைக் காட்டினேன்.

உலக்கைச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். "கூலியா?"ன்னார். "நேத்து அந்த ஊர்ல இப்படிக் கேட்டிருந்தா அங்கயும் செஞ்சிருப்பேன். ஆனா ஒண்ணும்மா. பேருக்கு ரெண்டு குத்து குத்திட்டு இலையில உக்கார மாட்டேன். கூலின்னா வேலை முழுசா இருக்கணும்." பையைக் கழட்டி ஜீப்புல வெச்சார். சட்டைக் கையை மடிச்சார்.

நான் பாப்பாயிகிட்டப் போனேன். "ஒரு ஆளு கொண்டாந்திருக்கேன். கூலிக்கு வருது. சோறு போட்டாப் போதும்."

பாப்பாயி உலக்கையை நிறுத்தாம அவரை மேலயும் கீழயும் பார்த்தா. "இந்த ஆளு அரை ஆளுக்குக்கூடத் தேறாதே அக்கா."

"தேறினவரைக்கும் வாங்கிக்க."

பாப்பாயி சத்யாவைப் பார்த்தா. அவ கையில இருந்த உலக்கையைப் புடுங்கி சார்கிட்ட நீட்டினா. "புடிங்க. குந்தாணி மேல படாமக் குத்தணும்." குந்தாணிங்கறது தானியம் சிதறாம உரல் வாயில வெக்கிற வளையம். சாரோட முதல் குத்து நேரா அது மேலதான் விழுந்துச்சு. சாமை நாலாப்பக்கமும் பறந்துச்சு.

செல்லக்காவுக்குப் பொழுது போச்சு. "ஏனுங்க சார், நீங்க உலக்கையைப் புடிச்சிருக்கீங்களா, உலக்கை உங்களைப் புடிச்சிருக்குதுங்களா?"

"இப்போதைக்குத் தெரியலைங்க."

"உரலுக்கு வெளியில இருக்கறது எங்க காலுங்க சாமி. பார்த்து."

பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து சுத்தி நின்னுட்டாங்க. அவரும் விடலை. மெல்ல மெல்லப் பாப்பாயி தாளத்துக்கு வந்துட்டார். இவ தூக்க அவர் போட, அவர் தூக்க இவ போட. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. ஜீப்புல இருந்து மேடம் குரல் வந்துச்சு, "அங்க என்ன சத்தம்?"

"சார் சாமை குத்தறாருங்க மேடம்."

"எனக்கு மயக்கம் இன்னும் தெளியலை போலிருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துக்கிட்டாங்க.

பாப்பாயி கையைக் காட்டி நிறுத்தினா. உரல்ல இருந்து அள்ளி முறத்துல போட்டுப் புடைச்சா. உமி பறந்துச்சு. சார் ஆசையா எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதாம்மா?"

"பாதித் தோல் அப்படியேதான் இருக்குதுங்க. மறுக்காப் போடணும்."

மறுக்காப் போட்டார். மறுபடி புடைச்சா. "இன்னும் ஒருக்கா"ன்னா. அவர் உலக்கை மேலயே சாஞ்சு நின்னார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கொப்புளம். அப்புறம் வாசப்படியில உக்காந்திருந்த சத்யாவைப் பார்த்தார். "நீ தினமும் இதைச் செய்யறியாம்மா?"

"எனக்குப் பழகிருச்சுங்க சார்"னு அந்தப் புள்ளை சிரிச்சுச்சு.

அவர் மறுபடி உலக்கையைத் தூக்கினார். கடைசி ஈடு முடியறவரைக்கும் யாரும் அவரைக் கேலி பண்ணலை. செல்லக்காகூட.

முடிஞ்சதும் பாப்பாயி தண்ணி மொண்டு ஊத்தினா. சார் கையைக் கழுவினார். கழுவறப்ப எரிஞ்சிருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டார். இலைக்கு முன்னால உக்காந்தார். பாப்பாயி கோழிக் குழம்புச் சட்டியை எடுத்தா. உடனே அவர் இலை மேல கையை வெச்சுத் தடுத்தார். மறுபடியும் முதல்ல இருந்தான்னு நினைச்சேன்.

"பாப்பாயிம்மா, ஒண்ணு கேக்கறேன். காட்டு வேலைக்கு வர்றவங்களுக்குக் கோழி அடிச்சுப் போடுவீங்களா?"

பாப்பாயி சட்டியோட நின்னா. பொய் சொல்லத் தெரியாதவ. "கோழியெல்லாம் போட மாட்டோமுங்க. அவரைக்கொட்டைக் குழம்புதான்."

"அப்ப எனக்கும் அதுதான் கூலி."

எல்லாரும் பாப்பாயி முகத்தைப் பார்த்தோம். அவ சாரைப் பார்த்தா. கதவைப் பூட்டினதுக்கப்புறம் முதல் தடவையா அவ முகத்துல அந்தக் கோவம் இல்லை. சட்டியைக் கீழ வெச்சா, உள்ள போனா. ஊட்டுக்குன்னு வெச்சிருந்த அவரைக்கொட்டைக் குழம்பைக் கொண்டாந்து சாமைச் சோத்து மேல ஊத்தினா. அவர் தின்னார். நல்லாப் பசிச்சவர் திங்கற மாதிரி தின்னார். இன்னொரு தடவை வாங்கியும் தின்னார்.

கோழியைச் செல்லக்கா மத்தவங்களுக்குப் பங்கு வெச்சா. அவருக்கு எதிர்லயே உக்காந்து நாங்க எல்லாம் வெளுத்துக்கட்டினோம். "பாவம் சார்"னு ஒருத்தி சொன்னதுக்கு, "பாவம் என்ன, நாளைக்கு நீ கூலிக்குப் போனா உனக்கு எவ கோழி போடறா?"ன்னு இன்னொரு எலும்பைக் கடிச்சா செல்லக்கா.

பாப்பாயி இடுப்புல இருந்த சாவியை எடுத்துக் கொட்டகையைத் திறந்தா. சார் உள்ள போய்ச் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மெஷின் வெக்கிற இடத்தை அளந்தார். பொம்பளைங்க வெளியில வரிசையா நின்னாங்க. போட்டோ எடுக்கப் போனார், கை நடுங்குது, போன் ஆடுது. எத்தனை தடவை எடுத்தாலும் கலங்கலாத்தான் வருது. "குடுங்க சார், நான் எடுக்கறேன்"னு சத்யா வாங்கினா. "நீயும் அதுல நிக்கணும்மா"ன்னு சொல்லி, கடைசியில டிரைவரைக் கூப்பிட்டு எடுத்தோம். மஞ்சு கொட்டகை ஓட்டைத் தொடறதுக்குள்ள, சிக்னல் கிடைக்கிற பாறை மேல ஏறி நின்னு, போட்டோவை அனுப்பிட்டார்.

கிளம்பறப்ப பாப்பாயி கேட்டா, "மெஷினு வருமுங்களா சார்?"

"வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா. நேத்துப் பார்த்ததையும் இன்னைக்குப் பார்த்ததையும் அப்படியே எழுதுவேன்"னார்.

"அது போதுமுங்க"ன்னா பாப்பாயி. காலையில கதவைப் பூட்டினவ சொல்றா!

சார் ஜீப்புல ஏறினதும், பின்னால சாஞ்சிருந்த மேடம் என்னைக் கிட்டக் கூப்பிட்டாங்க. கையில இருந்த எலுமிச்சம்பழத்தை என் கையில வெச்சாங்க. "இனி என்னை ஏத்திக் கொண்டுவர வேண்டாம். நீயே போதும்"னாங்க. அதுக்கப்புறமும் வந்தாங்க. ஆனா அன்னைக்குச் சொன்னதை நான் இன்னும் வெச்சிருக்கேன்.

மெஷின் பாப்பாயி ஊருக்கே வந்துச்சு. அடிவாரத்து ஊருக்கும் அடுத்த சுத்துல கிடைச்சுது. சத்யா புள்ளை பெத்து எந்திரிச்சப்ப, கொட்டகையில மெஷின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு. உலக்கை சுவத்துல சாஞ்சிருந்துச்சு.

இதுல இருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது, எல்லா ஆபீசரையும் சாமை குத்த விடுங்கங்கறது இல்லை. அப்படி யாராவது செஞ்சு மாட்டிக்கிட்டா என் பேரைச் சொல்லாதீங்க. நான் சொல்றது இவ்வளவுதான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கறப்ப, எந்தப் பக்கத்தைக் குனிய வெக்கலாம்னு தேடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே மதிக்கிற விஷயம் ஒண்ணு அங்கயே கிடக்கும். அது பேச்சுல கிடைக்காது. கையைப் பாருங்க.

இனி கடைசி. அவசரக்காரங்க இங்கதான் வந்து நிக்கிறீங்கன்னு தெரியும்.

மெஷின் ஓட ஆரம்பிச்சு, சத்யா புள்ளை தவழற சமயம். ஒருநாள் நான் அந்த ஊர்லதான் இருந்தேன். ரோட்டுல பஸ் நின்னு, மண் பாதையில ஒரு ஆள் நடந்து வர்றார். ஒல்லி ஆளு, தோள்ல பை. ஜீப் இல்லை, கூட யாரும் இல்லை. முகம் மட்டும் பழையபடி வளைவு தின்ன முகம்.

பாப்பாயி கொட்டகை வாசல்ல நின்னு பார்த்தா. "என்ன சார், திரும்ப எதாச்சும் எழுத வந்தீங்களா?"

"இல்லைம்மா. எனக்கு வேற மாவட்டத்துக்கு மாத்தலாயிருச்சு. இனி இந்தப் பக்கத்துக் குழுவுக்கும் எனக்கும் ஆபீஸ் சம்பந்தம் ஒண்ணும் கிடையாது. போறதுக்கு முன்னால ஒரு நடை வந்தேன்." சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே கொட்டகைக்குள்ள எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு வேலை ஏதாவது இருக்குதுங்களா?"

பாப்பாயி அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னா.

"வேலையை மெஷினு பார்க்குதுங்க சார். உங்களுக்கு இங்க கூலி இல்லை"ன்னா. அப்புறம் ஊட்டுப் பக்கம் திரும்பி, மலை முழுக்கக் கேக்கற அந்தக் குரல்ல கத்தினா: "சத்யா! பாயை விரி. கோழியைப் புடி. நம்ம ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."